வரைதலும் ஒரு மொழியே

தமிழ்ப் பெற்றோரின் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் உரையாடல் ஒன்று உண்டு. பிள்ளை பாடசாலையிலிருந்து விருப்பப்பாடத் தெரிவுப் படிவத்துடன் வருகின்றது. பிரெஞ்சு மொழியா, தொழில்நுட்பமா என்று அதில் கேட்கப்பட்டிருக்கின்றது. பிள்ளையின் நாட்டமோ தொழில்நுட்பத்திலும் அதனோடு இணைந்த வரைதலிலும் இருக்கின்றது. “படம் கீறி என்ன செய்யப் போகிறாய்?” என்ற ஒரே வினாவுடன் அவ்வுரையாடல் முடிந்துவிடுகின்றது. வினா நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடையைத் தேடாமலே பிள்ளையின் விருப்பத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது.

ஸ்கொட்லாந்தில் ‘வரைகலைத் தொடர்பாடல்’ என்ற பெயரிலேயே இடைநிலை வகுப்புகளில் தனிப்பாடம் ஒன்று உண்டு. ஜேர்மனியில் அக்கல்வி பல பாடங்களுள் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்து றியால்சூலேகளில் ‘ரெக்னிக்’ என்னும் விருப்பப் பாடத்திலும், பவேரிய றியால்சூலேகளில் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் தொழில்நுட்ப வரைதல் இடம்பெறுகின்றது. சுவரொட்டி, எழுத்து வடிவம், குறியீடு என்பன ஓவியப் பாடத்தின் வழியே கற்பிக்கப்படுகின்றன.

நாம் ஊரில் கற்ற சித்திரப் பாடத்திற்கும் இதற்கும் வேறுபாடு யாது? சித்திரம் வரைபவரின் உள்ளத்தைக் காட்டுவது. பத்துப் பேர் அதனைப் பத்து விதமாக உணரலாம். அது அதன் சிறப்பு. வரைகலைத் தொடர்பாடலிலோ பத்துப் பேரும் ஒரே பொருளையே உணர்தல் வேண்டும். ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டாலும் வரைந்தவரே திருத்த வேண்டும். ஆகவே இது பிறவித் திறமையை மட்டும் நம்பிய கலையன்று. இலக்கணம் கற்றுப் பயிலக்கூடிய மொழியாகும்.

அவ்விலக்கணத்தை ஒரு தீப்பெட்டியைக் கொண்டு விளக்கலாம். பெட்டியை நேரே பார்த்து முதலில் முன்தோற்றத்தை வரைகின்றோம். பின் பெட்டியை நம்மை நோக்கி ஒருமுறை உருட்டினால் அதன் மேற்பக்கம் தெரியும். அதனை முன்தோற்றத்தின் கீழே வரைகின்றோம். மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்து வலப்புறம் உருட்டினால் இடப்பக்கம் தெரியும். அதனை முன்தோற்றத்தின் வலப்புறத்தில் வரைகின்றோம். கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளுக்குத் தடித்த கோடு, மறைந்த விளிம்புகளுக்கு முறிகோடு, நடு அச்சுக்குக் கோடும் புள்ளியும் மாறிவரும் மெல்லிய கோடு என விதிகள் உண்டு. அளவுகள் மில்லிமீற்றரில் குறிக்கப்படும். இவ்விதிகளை அறிந்தோர் இருவர், ஒருவர் ஸ்ருட்காட்டிலும் மற்றவர் யாழ்ப்பாணத்திலும் இருந்தாலும், ஒரு சொல்லும் பேசாமலே அதே பெட்டியைச் செய்து முடிக்கலாம்.

இம்மொழியின் மற்றொரு கிளை குறிப்படங்களாகும். ஜேர்மன் மொழி அறியாது இந்நாட்டுப் புகையிரத நிலையங்களில் வந்திறங்கிய எம்மவர்க்கு வழி காட்டியவை அச்சிறு படங்களே. இத்துறையில் பெரும் பெயர் பெற்றவர் உல்ம் நகரில் 1922 இல் பிறந்த ஒட்ல் ஐகர். அந்நகரில் 1953 இல் கற்பித்தலைத் தொடங்கிய வடிவமைப்புக் கல்லூரியின் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக அவர் தலைமையில் உருவான குறிப்படங்கள் கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றாலான கட்டத்தின்மீது அமைக்கப்பட்டவை. முகமோ உடையோ காட்டாமல், உடலின் நிலையைக் கொண்டே நீச்சலையும் ஓட்டத்தையும் அவை உணர்த்தின.

உல்ம் கல்லூரி 1968 இல் மூடப்பட்டது. எனினும் அங்கு மூட்டப்பட்ட விளக்கு அணைந்துவிடவில்லை. அங்கு பயின்ற சுதாகர் நட்கர்ணி, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969 இல் தோன்றிய தொழில்துறை வடிவமைப்பு மையத்தை உருவாக்கியோருள் ஒருவரானார். அம்மையத்தில் தமிழ் எழுத்துருவியல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2010 இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் அவரே. தேவநாகரி எழுத்தொன்றையும் உரோமன் எழுத்தொன்றையும் இணைத்த சில கோடுகள் இன்று கோடிக்கணக்கானோரின் கையில் தவழ்கின்றன. “படம் கீறி என்ன செய்யலாம்?” என்பதற்கு இஃது ஒரு விடை.

எல்லோரும் உதயகுமார் ஆகிவிட முடியாது என்பதும் உண்மையே. ஆனால் தொழில் வழிகள் பல உள. 1998 இல் உருவாக்கப்பட்ட ஊடக வடிவமைப்பாளர் தொழிற்பயிற்சி மூன்று ஆண்டுகளைக் கொண்டது. பழைய தொழில்நுட்ப வரைஞர் பயிற்சிக்குப் பதிலாக 2011 முதல் தொழில்நுட்ப உற்பத்தி வடிவமைப்பாளர் பயிற்சி மூன்றரை ஆண்டுகளுக்கு வழங்கப்படுகின்றது. மேற்படிப்பை நாடுவோர்க்கு வடிவமைப்புப் பிரிவைக் கொண்ட பாக்ஓபர்சூலேகள் உண்டு. மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் பிள்ளைக்கும் ஒரு படத்தைச் சரியாக வாசிக்கும் திறன் கைகொடுக்கும்.

பெற்றோரின் அச்சம் ஒன்றையும் நாம் மறைத்தலாகாது. பல்கலைக்கழகப் பொது அனுமதியைத் தரும் அபிட்டூருக்கு இரண்டாவது அந்நிய மொழி தேவை. தொழில்நுட்பத்தைத் தெரிவுசெய்த பிள்ளை அம்மொழியை உயர்வகுப்பில் புதிதாகத் தொடங்கலாம். எனினும் அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் ஒழுங்குகள் வேறுபடுவதால், படிவத்தில் ஒப்பமிடுமுன் வகுப்பாசிரியருடன் பிள்ளையையும் அருகிருத்திக் கலந்துரையாடுதல் நன்று.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு பயிற்சி தருகின்றோம். எமது தமிழ்ப் பாடசாலையின் வாயிலில் வைப்பதற்கு, ஓர் எழுத்துமின்றி, “இங்கே தமிழ் கற்பிக்கப்படுகின்றது” என்று உணர்த்தும் குறிப்படம் ஒன்றை வரையுங்கள். அதனை உங்கள் அம்மம்மாவிடமும், உடன் படிக்கும் ஜேர்மன் நண்பரிடமும் விளக்கம் கூறாமல் காட்டுங்கள். இருவரும் ஒரே விடை சொல்லும்வரை திருத்திக்கொண்டே இருங்கள். அவ்விடை கிடைக்கும் நாளில், இரு மொழிகளுக்கு இடையே வாழும் நீங்கள் மூன்றாவது மொழியொன்றிலும் பேசத் தொடங்கியிருப்பீர்கள். அதனை முதலில் உங்கள் பெற்றோரிடம் காட்டுங்கள். அவர்களது வினாவுக்கு நீங்களே விடை கூறியவராவீர்கள்.