பாய்மர உச்சியிலிருந்து சேதி இல்லை

டிஸ்ப்ளேயில் எண் இருந்த இடத்தில் மூன்று கோடுகள். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே கிடக்கும் சோலன்ட் நீரிணையில், அக்டோபர் மாத இரவு மூன்று மணிக்கு, பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகின் சுக்கானைப் பிடித்திருப்பவர் இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்று நிற்கவில்லை; காதில் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. அது எத்தனை நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகம், படகுக்கு எந்தக் கோணம் என்ற சேதிதான் வரவில்லை. காலையில் வெயில் ஏறியதும் கோடுகள் மறைந்து எண்கள் தாமாகத் திரும்பிவிடும். படகுக்காரர் "சிக்னல் சரியில்லை" என்று முடிவுகட்டி, வாங்கிய கடையோடு சண்டைக்குக் கிளம்புவார். சிக்னல் மேல் ஒரு தப்பும் இல்லை. மேலே இருக்கும் பேட்டரி ராத்திரியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

வயர்லெஸ் காற்றுமானியைப் பற்றி எழுதும்போது முதலில் சொல்லவேண்டியது இது: பெயரில் ரேடியோ இருந்தாலும், கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில்.

கருவி எளிமையானது. பாய்மரத்தின் உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் காற்றில் சுழலும். அவை சுற்றும் வேகத்திலிருந்து காற்றின் வேகம் தெரியும். பக்கத்திலேயே வால் வைத்த ஒரு முள், காற்று வரும் பக்கமாகத் திரும்பி நிற்கும், அது கோணம். புதிய வகை ஒன்றில் அசையும் உறுப்பே கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலியை எதிரும் புதிருமாக அனுப்பி, காற்றோடு போன ஒலி எவ்வளவு முந்தியது, எதிர்த்து வந்த ஒலி எவ்வளவு பிந்தியது என்று பார்த்துக் கணக்குப் போடும்.

இப்படி அளக்கப்படுவது உண்மைக் காற்று அல்ல. டூவீலரில் போகும்போது காற்றே இல்லாத தெருவிலும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா, அந்த மாதிரி படகின் ஓட்டமும் கலந்த காற்று. பின்னாலிருந்து 14 நாட் காற்று வீசி, படகு 6 நாட்டில் ஓடினால், உச்சியில் உள்ள கிண்ணத்துக்குத் தெரிவது 8 நாட்தான். மிச்சத்தைப் படகின் வேகமானியோடு சேர்த்துக் கருவி கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே "காற்று எண் தப்பு" என்று வரும் புகாரில், படகின் அடியில் பாசி பிடித்துச் சுற்றாமல் நிற்கும் வேகமானிச் சக்கரமும் குற்றவாளியாக இருக்கலாம். மேலே ஏறுவதற்கு முன் கீழே பார்ப்பது நல்லது.

கம்பியை ஏன் விட்டார்கள்? காரணம் நியாயமானதுதான். இந்த அளவுப் படகில் பாய்மரம் தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய 15 மீட்டர் நிற்கும். அதன் வயிற்றுக்குள் பாயை ஏற்றும் கயிறுகள், விளக்கு வயர், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவின் வயர் எல்லாம் போகின்றன. நடுவில் காற்றுமானியின் மெல்லிய வயர் வருடக்கணக்கில் உரசி உரசித் தோல் உரியும். குளிர்நாடுகளில் பலர் பனிக்காலத்தில் பாய்மரத்தையே கழற்றி இறக்கிக் கொட்டகையில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் மரத்தின் அடியில் உள்ள பிளக்கைப் பிடுங்கவேண்டும், வசந்தத்தில் மறுபடி செருகவேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கும் இடமும் அதுவே. பச்சை பூத்த அந்தப் பிளக்கின் ஊசிகளைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தவர்களுக்கு, வயரே இல்லாத கருவி வரப்பிரசாதமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் தொல்லை ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு கை எட்டும் அடிமரத்தில் இருந்த பலவீனம், இப்போது யாரும் எட்டாத உச்சிக்குக் குடிபோய்விட்டது. கம்பி வழியாகப் படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிடைத்த மின்சாரம் இல்லை. தனக்கு வேண்டியதைத் தானே சம்பாதித்துக்கொள்ளவேண்டிய சென்சார் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சோலார் தகடு, உள்ளே ஒரு குட்டி பேட்டரி. இவ்வளவுதான் அதன் சொத்து.

சோலன்ட் இருப்பது வடக்கே ஏறக்குறைய 51 டிகிரியில். டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிதான் ஏறும். பகல் எட்டு மணி நேரம்கூட இராது. படுக்கை வசமாக வைத்த தகட்டின் மேல் அந்தச் சாய்ந்த வெயில் விழும்போது, நேர் வெயிலில் கிடைப்பதில் கால்பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதுவும் மேகம் இல்லாத நாளில். இதற்கு மேல் கடற்காகம் வந்து உட்கார்ந்து தகட்டின் மேல் எச்சமிட்டுவிட்டுப் போனால் கதை முடிந்தது. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உயரமான இடம் தேடும் பறவைக்குப் பாய்மர உச்சியைவிட வசதியான ஆசனம் கடலில் கிடையாது. பல படகுகளில் முள்ளின் வாலை வளைத்ததும் அதே பறவைதான்.

இன்னும் மோசமானது கொட்டகை வாசம். பாய்மரத்தை இறக்கி இருட்டில் படுக்கப்போடும்போது சென்சாரையும் அதோடே விட்டுவிடுவார்கள். அது தூங்குவதாகத் தோன்றும். உள்ளே மின்சாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கும். லித்தியம் பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே வடிந்துவிட்டால் பிறகு வெயிலில் வைத்தாலும் எழுந்திருக்காமல் போகலாம். எழுந்தாலும் பழைய தெம்பு இராது. உப்புநீர் புகாதபடி உறையை ஒட்டி மூடிய மாடல்களில் பேட்டரியை மட்டும் மாற்றவும் முடியாது. செய்யவேண்டியது சின்ன வேலை: பாய்மரத்தைக் கழற்றும் அன்றே சென்சாரையும் கழற்றி வீட்டு ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைத்துவிடுவது. வசந்தத்தில் மேலே ஏற்றுமுன் ஒரு ராத்திரி முழுக்க டிஸ்ப்ளேயோடு பேசவிட்டுப் பார்ப்பது. விடிகாலை வரை பேசினால் ஏற்றலாம். நடுவில் வாயடைத்தால் இப்போதே புதுசு வாங்கிவிடலாம். தள்ளிப்போட்டால், மரத்தை நிறுத்திய பிறகு உட்கார் பலகையில் உங்களைக் கட்டி, நண்பர் ஒருவர் வின்ச்சைச் சுற்றி 15 மீட்டர் தூக்கவேண்டியிருக்கும்.

ரேடியோவுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கருவிகள் பொதுவாக இரண்டு பட்டைகளில் பேசுகின்றன. ஐரோப்பாவில் விற்கும் சில 868 மெகாஹெர்ட்ஸில். மற்றவை, ப்ளூடூத் வகையும் சேர்த்து, 2.4 கிகாஹெர்ட்ஸில். இரண்டாவது பட்டை ஊர்ச் சந்தை மாதிரி. வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் அங்கேதான். நூற்றுக்கணக்கான படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் மரீனாவில் சேதி தடுமாறி, வெளிக்கடலுக்குப் போனதும் சரியாகிவிட்டால் காரணம் அந்தச் சந்தைக் கூச்சலாக இருக்கலாம்.

15 மீட்டர் தூரம் ரேடியோவுக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இங்கேதான் ஒரு வேடிக்கை. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில் நன்றாக ஒலிபரப்பும். தன் தலைக்கு நேர் மேலும் காலுக்கு நேர் கீழும் மிகக் குறைவாகவே அனுப்பும். மெதுவடையை நடுவில் குச்சி கோத்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி: வடை இருக்கும் பக்கமெல்லாம் சிக்னல், ஓட்டை வழியே போகும் குச்சியின் திசையில் வெற்றிடம். காற்றுமானியின் ரிசீவரை எங்கே வைக்கிறோம்? வசதி என்று பாய்மரத்தின் அடியிலேயே, அந்த ஓட்டைக்கு நேர் கீழே. போதாக்குறைக்கு நடுவில் அலுமினிய மரம் நிற்கிறது. சற்றுத் தள்ளி நிற்கும் பக்கத்துப் படகுக்குக் கேட்கும் சிக்னல் சொந்தப் படகின் கீழறைக்குத் தயங்கித் தயங்கி வருவது இதனால்தான். ரிசீவரைப் படகின் பின்பகுதிக்கு, காக்பிட் ஓரத்துக்கு நகர்த்தினாலே பலருக்குத் தொல்லை தீரும். கண்ணாடியிழை உடல் ரேடியோ அலையை அதிகம் தடுக்காது. கார்பன் இழை தடுக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள். கார்பன் பாய்மரமோ கார்பன் உடலோ உள்ள பந்தயப் படகில் ரிசீவர் வெளியே, மேலே பார்த்தபடி இருக்கவேண்டும்.

இன்னொரு அறிகுறி: விஎச்எஃப் ரேடியோவில் பேசப் பொத்தானை அமுக்கும்போது மட்டும் காற்று எண் காணாமல் போகிறதா? அந்த ரேடியோவின் ஆன்டெனாவும் அதே உச்சியில், சென்சாரிலிருந்து கைநீட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 25 வாட் முழக்கத்தின் பக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு என்ன ஆகும்? பேச்சு முடிந்ததும் எண் திரும்பினால் கவலை வேண்டாம். இரண்டுக்கும் இடைவெளியைக் கூட்டினால் போதும்.

என் கவலை எல்லாம் ஆட்டோபைலட்டைப் பற்றியது. மனிதன் பார்க்கும் எண் ஒரு நொடி தாமதமாக வந்தால் ஒன்றும் ஆகாது. ஆட்டோபைலட் காற்றின் கோணத்தைப் பிடித்துக்கொண்டு சுக்கானைத் திருப்பும்போது நிலைமை வேறு. கம்பி வழிக் கருவிகள் நொடிக்குப் பத்து முறைகூடச் சேதி அனுப்பும். வயர்லெஸ் சென்சாரோ பேட்டரியைக் காப்பாற்ற அளந்துதான் பேசும், சட்டமும் பேசவிடாது. ஐரோப்பாவின் 868 பட்டையில் ஒரு முக்கியப் பகுதியில், ஒரு கருவி மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. மணிக்கு 36 நொடிதான். நொடிக்கு ஒரு சேதி அனுப்பி, அதிலும் ஒன்றிரண்டு வழியில் தொலைந்தால், மூன்று நொடி பழைய காற்றை நம்பி ஆட்டோபைலட் ஓட்டும்.

பின்காற்றில் அந்த மூன்று நொடி பெரிது. அலை ஒன்று படகின் பின்புறத்தைத் தள்ளி, காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்துவிட்டால், பாயின் அடியில் உள்ள கனத்த பூம் படகின் குறுக்கே வீசி மறுபக்கம் போய் அறையும். வழியில் தலை இருந்தால் தலை. அதனால் கருவி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை மீட்டர் எட்டும்" என்பதல்ல. "சேதி அறுந்தால் டிஸ்ப்ளே என்ன காட்டும், ஆட்டோபைலட் என்ன செய்யும்" என்பதே. மூன்று கோடு காட்டுவது நேர்மையான கருவி. கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்தான கருவி. ஆட்டோபைலட் அலறிவிட்டுத் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டவேண்டும். சும்மா இருக்கக் கூடாது. சென்சாரைக் கழற்றி ஜன்னலில் வைத்திருக்கும் நாளிலேயே இதைச் சோதித்துவிடலாம்: அலுமினியத் தாளில் சுற்றிவிட்டு டிஸ்ப்ளேயைப் பாருங்கள்.

எண் குதிப்பதற்கெல்லாம் வயர்லெஸ்ஸைத் திட்டுவதும் சரியில்லை. படகு இரு பக்கமும் 20 டிகிரி உருண்டால், 15 மீட்டர் உயரத்தில் உள்ள சென்சார் ஒவ்வொரு பக்கமும் ஐந்து மீட்டர் வீசப்படும். ஆறு நொடிக்கு ஒரு முறை அப்படி ஆடினால், ஆட்டத்தின் நடுவில் அதன் சொந்த வேகமே பத்து நாட்டைத் தாண்டும். அந்தப் பொய்க் காற்றையும் அது நேர்மையாக அளந்து சொல்கிறது. கம்பி போட்டாலும் அதையேதான் சொல்லும். மெல்லிய காற்றில் கிண்ணம் சுற்றாமல் நின்றால் பேரிங்கில் உப்பு. அதுவும் ரேடியோ விஷயமில்லை.

என்னைக் கேட்டால்: பாய்மரத்தை ஆண்டுக்கணக்கில் இறக்காத படகுக்கும், ஆட்டோபைலட்டை நம்பித் தனியே கடல் தாண்டுபவருக்கும் கம்பிதான். வார இறுதியில் கரையோரம் ஓட்டி, பனிக்காலத்தில் மரத்தை இறக்குபவருக்கு வயர்லெஸ் நல்ல கருவி, ஜன்னல் ஓரப் பராமரிப்பை மறக்காதவரை. கருவியே இல்லாமலும் ஓட்டலாம் என்பதற்குச் சாட்சி உண்டு. 2022 செப்டம்பரில் கிளம்பிய கோல்டன் குளோப் தனிப்பயணப் பந்தயத்தில் மின்னணுக் காற்றுமானிக்கே அனுமதி இல்லை; அந்த விதிகளுக்குள் உலகைச் சுற்றி, அடுத்த ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார் இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி.

அந்த மூன்று மணிப் படகுக்காரர் இப்போதைக்குச் செய்யக்கூடியது: ஆட்டோபைலட்டைக் காற்றிலிருந்து திசைகாட்டிக்கு மாற்றுவது, பிறகு டார்ச்சை உச்சியை நோக்கி அடிப்பது. மின்சாரமே இல்லாமல் திரும்பும் பழைய அம்புக்குறி ஒன்று அங்கே இருந்தால், அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பட்டை பளிச்சிடும். அதுவும் இல்லையென்றால் பாய்மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பியில், கண் உயரத்தில் கட்டிய ஒரு சாண் கம்பளி நூல் போதும். மழையில் நனைந்தால் அது கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், உதறிவிடவேண்டும்.