பழைய எண்ணெய்க் கிணறும் நம்ம ஊரு போர்வெல்லும்

பல்லடம் பக்கமோ அவிநாசி பக்கமோ தோட்டத்துல போர் போடுறதைப் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஒரு இடத்துல 300 அடியிலயே தண்ணி பீச்சி அடிக்கும். 50 அடி தள்ளிப் போட்டா 1000 அடி போனாலும் புழுதி மட்டும்தான் வரும். கொங்கு நாட்டுக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் இல்லை. பாறையில் விழுந்த வெடிப்புகளுக்குள்தான் இருக்கிறது. வெடிப்புல பட்டா தண்ணி, படலைன்னா கடன்.

எண்ணெய்க்காரர்களுக்கும் கிட்டத்தட்ட இதே தலைவலிதான். எண்ணெய் வயல்னதும் பூமிக்கடியில ஒரு ஏரி இருக்குன்னு நினைச்சுக்கறோம். அப்படி ஏரி எதுவும் கிடையாது. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை போன்றவற்றின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஊறிக்கிடக்கிறது. எண்ணெயில் நனைச்ச செங்கல்லை நினைச்சுக்குங்க. முதலில் நிலத்தடி அழுத்தத்தால் தானாகவே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்துக் கிணறுகள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். தண்ணீர் எப்பவும் சுலபமான வழியிலதான் ஓடும். இளகிய அடுக்கு வழியாகப் பாய்ந்து நேராக உற்பத்திக் கிணற்றுக்கே வந்துவிடும். இறுகிய அடுக்கில் இருக்கும் எண்ணெய் அப்படியே நின்றுபோகும். உலக அளவில் ஒரு வயலில் இருக்கும் எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி கீழேயே கிடக்கிறது.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் மும்பை ஹை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு நடுவே இருக்கும் வயல். 1974ல் 'சாகர் சாம்ராட்' தோண்டுமேடை இங்கே எண்ணெயைக் கண்டுபிடித்தது. 1976ல் உற்பத்தி தொடங்கியது. 1980களின் உச்சத்தில் நாளுக்கு 4 லட்சம் பேரலுக்கு மேல் வந்தது. பிறகு இறங்குமுகம்தான். முக்கியமான எண்ணெய்ப் பாறை சுண்ணாம்புக்கல். அதுவும் ஒரே கட்டியாக இல்லை. நடுநடுவே களிப்பாறை வைத்த பல அடுக்குகள், அடுக்கு ரொட்டி மாதிரி. எந்த அடுக்கில் எண்ணெய் மிச்சம், எந்த அடுக்கில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரியாமல் புதுக் கிணறு போட்டால், நம்ம ஊர் கதைதான்.

இங்கதான் முப்பரிமாண நிலவியல் மாதிரி வருது. முதலில் நில அதிர்வு ஆய்வு. மேலிருந்து ஒலி அலையை அனுப்பி, அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் நேரத்தை அளப்பார்கள். வயலின் மொத்த வடிவமும் பாறை பிளந்து நகர்ந்த இடங்களும் இதில் தெரியும், ஆனா கொஞ்சம் மங்கலா. அடுத்து ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் கருவியை இறக்கி எடுத்த அளவுகளும், வெட்டி எடுத்த பாறைத் துண்டுகளும். இவை ரொம்பத் துல்லியம், ஆனா அந்த ஒரு இடத்துக்கு மட்டும். இரண்டையும் சேர்த்து, வயலையே லட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகக் கணினியில் பிரிப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் துளை எவ்வளவு, திரவம் எவ்வளவு சுலபமாக ஓடும், எண்ணெய் எவ்வளவு என்று எண்கள் கொடுக்க வேண்டும்.

இரண்டு கிணறுகளுக்கு நடுவே யாரும் பார்க்காத பெட்டிக்கு எண் எங்கிருந்து வரும்? இந்தக் கணக்குக்கு வழிகாட்டியவர் டேனி கிரிக் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர். தங்கச் சுரங்கத்தில் சில மாதிரிகளை வைத்து மீதி இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிடப் பார்த்தார். பக்கத்து மாதிரிக்கு அதிக மதிப்பு, தூரத்து மாதிரிக்குக் குறைவு என்பதுதான் அடிப்படை. பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் இதை முழுக் கணிதமாக்கி, 'கிரிகிங்' என்று அவர் பெயரையே வைத்தார்.

மாதிரி தயாரானதும் ஒரு பரீட்சை உண்டு. வயலின் பழைய வரலாற்றை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். 1990ல் இந்தக் கிணற்றில் இவ்வளவு எண்ணெய், இவ்வளவு தண்ணீர் வந்தது என்று பதிவு இருக்கும். மாதிரியும் அதையே சொல்கிறதா? இல்லையென்றால் எண்களைத் திருத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: வெவ்வேறு மாதிரிகள் ஒரே வரலாற்றுக்குப் பொருந்திவிடலாம். அதனால நல்ல குழு ஒரே படத்தை நம்பாது. பல மாதிரிகளை ஓட்டி, பெரும்பாலானவை கை காட்டும் இடத்தில்தான் துளை போடும். சில சமயம் புதுக் கிணறுகூட வேண்டாம். பழைய கிணற்றின் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை வெட்டினால் போதும். மும்பை ஹையில் 2000களில் நடந்த மறுசீரமைப்பில் இப்படிப் பல கிளைகள் போனதால் சரிவு கட்டுப்பட்டது. 2025 ஜனவரியில் ஓஎன்ஜிசி இந்த வயலுக்குத் தொழில்நுட்பத் துணையாக பிபி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதே நோக்கத்தில்தான்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் மாதிரி பழைய வயல்கள் இருக்கு. சீர்காழி பக்கத்து மாதானத்தில் எண்ணெய் கிடைத்தது அடித்தளக் கெட்டிப் பாறையின் வெடிப்புகளில்! அதாவது நம்ம போர்வெல்லில் தண்ணி நிற்கும் அதே மாதிரி இடத்துல. டெல்டாவில் புதிய எண்ணெய் எடுப்புக்கு 2020ல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். அப்படியானால் பழைய கிணற்றிலிருந்து வெட்டும் புதுக் கிளை பழசா, புதுசா? 2017ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதைப் பார்த்த விவசாயிக்கு இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. எண்ணெய் எங்கே இருக்கு என்பதை மாதிரி சொல்லும். எடுக்கலாமா என்பதை அது சொல்லாது. வயசான குழாய் தாங்குமா என்பதையும் சொல்லாது.

கடைசியா நம்ம ஊருக்கு வர்றேன். எண்ணெய் வயலுக்கு மறுவாழ்வு தருவது கணினி மட்டும் இல்லை, நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த கிணற்றுக் குறிப்புகளும்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நம்ம பக்கம் போட்ட துளைகளுக்குக் கணக்கே இல்லை. எத்தனை அடியில பாறை, எத்தனை அடியில வெடிப்பு, எவ்வளவு தண்ணி என்பது அன்னிக்கு ராத்திரி வண்டியோடவே போயிடுது. அடுத்த முறை போர் போட்டா ஒரு நோட்டுல இந்த மூணையும் இடத்தோட எழுதி வைங்க, வறண்டு போன போரையும் சேர்த்து. ஊர்ல இருநூறு பேர் அப்படி எழுதி வச்சா, தேங்காயை உருட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி பாக்க ஒரு படம் கிடைக்கும்.