பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள்

ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள்! ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் தங்கள் குழந்தைகளுக்கென்று விழா எடுக்கும் நாள். 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய விழா அது. ஆட்டம் உண்டு, பாட்டு உண்டு, விருந்து உண்டு. நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க, அந்த ஒரு நாளைப் பொறுக்கி எடுப்பானேன்?

காரணத்தைக் கேட்டால் கல்லும் கசியும். தாயின் மடியிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பலருக்குத் தாங்கள் பிறந்த நாள் எது என்பதே தெரியாது. எடுத்துச் சொல்லத் தாய் அருகில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் பிறந்த நாள் கொண்டாடினார்கள். அந்த நாள்தான் ஆகஸ்டு 4!

பறித்தது யார்? கள்வரா? கொள்ளையரா? இல்லை, தோழர்களே! சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திய அரசாங்கம்! அந்தச் சட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'பாதுகாப்பு'! நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909-இல் பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1915-இல் அதைத் திருத்தினார்கள். பெற்றோர் தவறு செய்தார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியதில்லை. வாரியம் நினைத்தால் போதும், பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சிறுமியர் கூட்டமண்ட்ரா இல்லத்தில் வெள்ளையர் வீட்டு வேலைக்குப் பழக்கப்பட்டனர். 1924 முதல் 1970 வரை நடந்த கின்செலா இல்லத்திலோ சிறுவர்கள் பெயரையும் இழந்தார்கள். எண்தான் பெயர்! சிறைக் கைதிக்கு எண் கொடுப்பார்கள், குற்றம் செய்தவன் என்று. இந்தச் சிறுவன் செய்த குற்றம் யாது? பூர்வகுடித் தாயின் வயிற்றில் பிறந்தான், அவ்வளவே!

1910-க்கும் 1970-க்கும் இடையே பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கேட்டவர் கண்கள் கலங்கின. ஆனால் கண்ணீரோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை! ஆஸ்திரேலியக் குழந்தைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் 6 பேர். ஆனால் பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தைகளிலோ, நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர் அவர்கள்தாம்!

"வீட்டில் அடிதடியும் குடியுமாக இருந்தால் குழந்தையை அங்கேயே விட்டுவிடச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆபத்தில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றத்தான் வேண்டும். மறுப்பார் யார்? நாம் கேட்பது வேறு. வீடு முறியும் முன்பே அந்தத் தாய்க்குத் தோள் கொடுத்தவர் யார்? பிரித்தே தீரவேண்டுமென்றால் குழந்தை போவது பாட்டி வீட்டுக்கா, பாஷை தெரியாத வீட்டுக்கா? அதைத் தீர்மானிப்பது யார்?

இந்தக் கேள்விக்குப் பதிலைப் பூர்வகுடி மக்களே கண்டார்கள். 1970-களில் மோலி டயர் என்னும் பூர்வகுடி அம்மையார் முன்னின்று, விக்டோரியா மாநிலத்தில் பூர்வகுடிக் குழந்தைகள் நல அமைப்பைத் தொடங்கினார். 1981-இல் நாடு தழுவிய அமைப்பும் உருவாயிற்று. பிரித்தால் முதலில் உறவினரிடம், பிறகு சொந்தச் சமூகத்தாரிடம், அதற்கும் வழியில்லாதபோதுதான் மற்றவரிடம் என்ற விதிக்காக அவர்கள் போராடினார்கள். சட்டம் இறங்கி வந்தது. விக்டோரியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அதிகாரியிடம் இருந்த பொறுப்பையே பூர்வகுடி அமைப்பிடம் ஒப்படைக்க வழி செய்தது. ஏட்டில் இருந்த அந்த வழி நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று. வந்தது! பிள்ளையைப் பற்றிய முடிவைப் பிள்ளையின் இனத்தாரே எடுக்கத் தொடங்கினர்.

நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கே டார்லிங் நதிக்கரையில் பர்க் என்றொரு சிற்றூர். 2013 முதல் அங்கே 'மரங்குகா' என்ற திட்டம். பிறரைப் பேணுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஊர்ப் பெரியவர்களும் போலீசாரும் அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து, எந்த வீட்டில் என்ன தொல்லை என்று பேசினார்கள். உரிமமின்றி வண்டி ஓட்டி வழக்கில் சிக்கிய இளைஞர்களுக்கு உரிமம் பெற உதவினார்கள். கைவிலங்கு செய்யாததைக் கலந்துபேச்சு செய்தது! 2016-ஐவிட 2017-இல் குடும்ப வன்முறைக் குற்றங்கள் 23 சதவிகிதம் குறைந்தன. பள்ளி இறுதி வகுப்புவரை நிலைத்துப் படிப்போர் 31 சதவிகிதம் கூடினர் என்று கே.பி.எம்.ஜி. நிறுவனத்தின் ஆய்வு சொல்லிற்று.

2020 ஜூலையில் ஆஸ்திரேலிய அரசுகள் அனைத்தும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியோடு உடன்படிக்கை செய்துகொண்டன. பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் அளவுக்கு மீறிய விகிதத்தை 2031-க்குள் 45 சதவிகிதம் குறைப்போம் என்பது அதில் ஒரு வாக்குறுதி. அருமையான வாக்குறுதி! ஆனால், அரசுகள் பழைய பாதையை விட்டு இறங்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் இடித்துரைத்தது, அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம். எதிர்க்கட்சி சொன்னதல்ல; அரசே அமைத்த ஆணையம் சொன்னது!

கூட்டுறவு என்றால் கோட்டையில் எழுதிய திட்டத்துக்குக் குடிசையிலிருந்து கையெழுத்து வாங்குவதல்ல. பணத்தையும் அதிகாரத்தையும் பகிர்ந்து கொடுப்பது. பறித்தபோது 'பாதுகாப்பு' என்றார்கள். பகிர மறுத்துக்கொண்டே 'கூட்டுறவு' என்றால், சொல்தான் மாறும், சோகம் மாறாது.

ஆகஸ்டு 4 வரட்டும், விழா நடக்கட்டும். ஆனால் இனிப் பிறக்கும் பூர்வகுடிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அதன் பிறந்த நாளை எடுத்துச் சொல்ல, பெற்றவள் பக்கத்தில் இருக்கவேண்டும்!