கூண்டுக்குள் எத்தனை பேர்?

டாங்கிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள்: கவசம் எத்தனை மில்லிமீட்டர், பீரங்கி எவ்வளவு பெரியது? புத்தக அட்டவணைகள் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் டாங்கியின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், உள்ளே இருப்பவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதமும், ஒரு டாங்கி இன்னொன்றோடு பேச முடிந்ததும் அவற்றைவிடப் பெரிய முன்னேற்றங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் பிரிட்டன் இறக்கிய மார்க் 1 டாங்கிக்குள் 8 பேர். வண்டியைத் திருப்பவே 4 பேர் வேண்டும்: ஓட்டுநர், பிரேக்கைப் பிடிக்கும் தலைவர், இரு பக்கச் சங்கிலிப் பட்டைகளுக்கும் கியர் மாற்றப் பக்கத்துக்கு ஒருவர். எஞ்சின் அவர்கள் நடுவிலேயே ஓடியது. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. இரும்பைத் தட்டித்தான் சைகை. வெளியே செய்தி அனுப்பக் கூடையில் புறாக்கள் இருந்தன. அந்த டாங்கிகள் எதிரியை மிரட்டின, ஆனால் சேர்ந்து சண்டையிட முடியவில்லை.

1940 மே மாதம் பிரான்சில் மோதிய இரண்டு டாங்கிகளை அருகருகே வைத்தால் விஷயம் தெளிவாகும். பிரெஞ்சு ஷார் பி1 பிஸ்ஸின் முன்கவசம் 60 மி.மீ.; ஜெர்மனியின் பான்சர் 3-க்கு அதில் பாதிதான். ஷாருக்கு இரண்டு பீரங்கிகள், பான்சருக்கு ஒரு சிறிய 37 மி.மீ. பீரங்கி. அட்டவணைப்படி ஷார் ஜெயித்தாயிற்று. ஆனால் அதன் மேலே பீரங்கியோடு சுழலும் கூண்டுக்குள் ஒரே ஆள். குண்டு போடுவதும், குறி பார்ப்பதும், சுடுவதும், வெளியே நோட்டமிட்டு ஆணையிடுவதும் அவர் தலையில்தான். அடிப்பகுதியில் இருந்த 75 மி.மீ. பீரங்கியைக் குறிவைக்க ஓட்டுநர் வண்டியையே திருப்ப வேண்டும். பான்சரின் கூண்டில் 3 பேர்: ஒருவர் குண்டு போட, ஒருவர் சுட, தலைவர் பார்த்து முடிவெடுத்தால் போதும். கீழே ரேடியோவுக்கென்று தனி ஆள். ஜெர்மன் டாங்கிப் படையை உருவாக்கியவர்களில் முக்கியமான குடேரியன் முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர் என்பது தற்செயல் அல்ல.

கவசம் பயன்படவே இல்லையா என்று கேட்கலாம். அதே மே மாதம் பிரான்சின் ஸ்டோன் கிராமத்தில் பிரெஞ்சு அதிகாரி பியர் பில்லோத் தலைமையில் சென்ற ஒரு ஷார் 140 குண்டடிகள் வாங்கியும் அசராமல், 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பியது. உண்மைதான், ஆனால் அது ஒரு வண்டியின் வெற்றி. தனித்தனியாக வலுவான அந்த டாங்கிகளை வைத்திருந்த பிரான்ஸ் ஆறே வாரங்களில் பணிந்தது. சோவியத் டாங்கியான டி-34 இன்னும் வலுவான மறுப்பு. சாய்ந்த கவசம் கொண்ட அது 1941-இல் ஜெர்மானியரைத் திகைக்க வைத்தது; கூண்டில் 2 பேர்தான், தலைவரே சுடுபவர், பெரும்பாலானவற்றில் ரேடியோவும் கிடையாது, கொடியசைத்துச் சமாளித்தார்கள். இருந்தும் கடைசியில் வென்றது சோவியத் அல்லவா? வென்றது, 50,000-க்கும் மேற்பட்ட டி-34களைச் செய்து தள்ளி, பயங்கர இழப்பையும் தாங்கி. அவர்களே 1944-இல் டி-34-85 என்று கூண்டைப் பெரிதாக்கி மூன்றாவது ஆளை ஏற்றினார்கள். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இந்த விவாதம் சென்னையை அடுத்த ஆவடியிலும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை மூன்று பேர் டாங்கி, நான்கு பேர் டாங்கி என்று இரண்டு வகையையும் செய்திருக்கிறது. சோவியத் வடிவமைப்பான டி-72-இல் 3 பேர். குண்டு போடுவது இயந்திரம். அதனால் வண்டி தாழ்வாகவும் இலகுவாகவும் இருக்கிறது, எதிரி அதைக் குறிவைப்பது கடினம். ஆனால் 22 குண்டுகள் அடுக்கிய அந்த இயந்திரத்தின் தட்டு வீரர்களின் காலடியிலேயே சுழல்கிறது. கவசம் துளைக்கப்பட்டு அது வெடித்தால் கூண்டே பிய்த்துக்கொண்டு பறக்கும். 1991 வளைகுடாப் போரிலும் உக்ரைனிலும் அதைப் பார்த்தோம். சங்கிலிப் பட்டை அறுந்தால் மாட்டவும், இரவில் முறை வைத்துக் காவல் நிற்கவும் ஒரு கை குறைவு. இந்தியாவே வடிவமைத்த அர்ஜுனில் கையால் குண்டு போடும் நான்காவது ஆள் உண்டு. அது 58 டன்னுக்கு மேல் கனக்கிறது, பாலங்களும் ரயில் ஏற்றிச்செல்வதும் சிக்கல் என்ற குறை நியாயமானதே. அந்த எடையில் ஒரு பங்கு, நான்காவது ஆளுக்கு உள்ளே இடம் விட்டதால் வந்தது.