ஃபிரிட்ஜில் இருக்கும் பாதித் தாள்

தீபாவளிப் பக்கம் நாளை அச்சுக்குப் போகிறது. தீக்காயத்துக்கு ஒட்டும் ‘ஜெல் தாள்’ பற்றி வந்த கடிதங்களுக்கு அதற்குள் பதில் எழுதியாக வேண்டும். அவற்றில் இலத்தூரிலிருந்து வந்த ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. மகன் காலில் பைக் சைலன்சர் சுட்டதும் ஹைட்ரோஜெல் தாள் வாங்கி, பாதியை வெட்டி ஒட்டினார்களாம். மீதிப் பாதி கிழித்த உறையோடு ஃபிரிட்ஜில், மோர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. “பட்டாசு வெடிக்கும்போது கைக்கு ஆகுமே” என்கிறார் அந்த அம்மா.

ஆகாது. ஏன் என்று தெரிய, அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கி, பல வணிகப் பெயர்களில் விற்பனைக்கு வந்திருக்கும் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். 7 முதல் 9 சதவீதம் பாலிவினைல் ஆல்கஹால். மிச்சம் கொஞ்சம் காராஜீனன், கொஞ்சம் அகர். நோன்பு திறக்கும் வேளையில் கடையநல்லூர் வீடுகளில் தட்டில் தளதளவென்று ஆடுமே கடல்பாசி, அதுதான் அகர். எல்லாவற்றையும் கரைத்து ஊற்றினால் பாசி உறைந்து தாளாக நிற்கும். ஆனால் அந்த நிலையில் அதற்குப் போதிய வலு இல்லை.

இனிமேல்தான் வித்தை. கோபால்ட்-60 காமாக் கதிரை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். கதிர் முதலில் தண்ணீரைத்தான் உடைக்கிறது. உடைந்த தண்ணீரின் துண்டுகள் பாலிவினைல் இழைகளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகின்றன. பறிகொடுத்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, வலை பின்னப்படுகிறது. இழைகளைப் பிணைக்கத் தனியாக ரசாயனம் எதுவும் வேண்டாம். அதே 25-30 கிலோகிரே கதிரில் கிருமிகளும் செத்துவிடுகின்றன. கதிர்வீச்சு என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குக் கூடங்குளம் நினைவுக்கு வரும். பயம் வேண்டாம், காமாக் கதிர் பட்ட தாளில் கதிரியக்கம் தங்காது.

கிருமி நீங்கியது மூடிய உறைக்குள். உறையைக் கிழித்ததும் அந்த உத்தரவாதம் போயிற்று. அப்புறம் மிஞ்சுவது ஈரமும் பாசியும். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவதும் இதே அகர்தான் என்பதை அந்த அம்மா யோசிக்க வேண்டும்.

விளம்பர வாசகங்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ‘கிருமியைத் தடுக்கும்’ என்றால், ஓரம் தூக்காதவரை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். மருந்து சேர்க்காத தாள் உள்ளே இருப்பதைக் கொல்லாது. ‘விரைவில் ஆற்றும்’ என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. காயாமல் மூடி வைத்த புண்ணில் தோல் சீக்கிரம் படர்வதைப் பன்றிகளிடம் ஜார்ஜ் வின்டர் 1962இல் காட்டினார். தீக்காயக் கட்டுகள் பற்றிய 2013 காக்ரேன் தொகுப்பாய்வும், வழக்கமான சிகிச்சையைவிட ஹைட்ரோஜெல் மேல் போலத் தெரிகிறது என்றது. ஆனால் அது நம்பிய சோதனைகள் சிறியவை, தரமும் சுமார். ‘வலிக்காமல் எடுக்கலாம்’ என்பதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். புண்ணோடு காய்ந்து ஒட்டிய துணிக்கட்டை உரிக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டவன் நான்.

மற்ற கேள்விகள்:

டியூபில் வரும் ஜெல்? குழிப் புண்ணை நிரப்ப. அகரை 2 சதவீதம் அளவுக்குக் கூட்டினால் தாள் பசையாகிவிடும்.

நீர் அதிகம் வடியும் புண்? வேண்டாம், சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துவிடும்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்? மருத்துவர் பார்த்த பிறகுதான்.

வாழை இலை? கிருமி நீக்கிய இலையில் மும்பை மருத்துவர்கள் கட்டுப் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள்; கொல்லையில் அறுத்த இலை அதுவல்ல.

இங்க், பேஸ்ட், தோசை மாவு? கூடாது.

சுட்டவுடன்? குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், ஐஸ் வேண்டாம்.

வெளுத்தோ கருகியோ, தொட்டால் உணர்வே இல்லாத காயம்? தாள் வாங்க நிற்காமல் தென்காசி அரசு மருத்துவமனைக்கு.

இலத்தூர் அம்மாவுக்கு: அந்தப் பாதியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை கடையில் சின்ன அளவாகக் கேளுங்கள்.