எழுத்துக்கு ஒரு துருசு

மாரி மழை ஓய்ந்த பின்னர் வன்னியிலே ஒரு குளக்கட்டின்மீது ஏறி நிற்பவனுக்கு உள்ளம் நிறைந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் நீர் பரந்து கிடக்கும். ஆயினும் எங்கள் பூவரசங்குளத்து முதியவர்கள் நீரைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த கணமே அவர்களுடைய கண் துருசை நாடும். தேங்கிய நீர் எவ்வளவு இருந்தென்ன? அது வாய்க்காலில் இறங்கி வயலைச் சேரவேண்டும். சேர்ந்தபின் துருசு மறுபடியும் இறுக மூடவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் குளம் இருந்தும் பயனில்லை.

மாணவரின் எழுத்தைப் பற்றிச் சொல்ல வந்த நான் குளத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக நான் பூவரசங்குளத்திலிருந்து மன்னார் வீதி வழியே பேருந்தில் ஏறி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் பம்பைமடுவைக் கடந்து, நகரில் உள்ள ஒரு கல்வி நிலையத்துக்குப் போய்வருகிறேன். அங்கே இளைஞர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்றுவது என் தொழில். அத்தொழிலில் நான் கற்றுக்கொண்ட பாடம் அந்தத் துருசுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தொடக்க காலத்தில் என் மாணவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளை இன்று நினைத்தாலும் சோர்வு தட்டுகிறது. ‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தால், நாற்பது கொப்பிகளிலும் ஒரே ஊர்தான் இருக்கும். பச்சைப் பசேலென்ற வயல், பாடித் திரியும் பறவைகள், கள்ளங்கபடமற்ற மக்கள்! இவர்கள் போரிலே பிறந்து, இடம்பெயர்ந்து, முகாமிலே எழுத்தறிந்த பிள்ளைகள். அவர்களுடைய ஊர்கள் இப்படியா இருந்தன? குற்றம் அவர்களுடையதன்று. அவர்களுக்கு வாய்த்த வாசகன் ஒருவனே. அவனும் சிவப்பு மையோடு காத்திருக்கும் உபாத்தியாயன். அவனுக்கு வேண்டியதென்று தாம் எண்ணியதை எழுதிப் புள்ளியைப் பெற்றுக்கொண்டார்கள். கொப்பி மூடிய மறுகணமே எழுத்தும் செத்துப்போயிற்று.

இந்நோய்க்கு மருந்து தேடியவர்களில் நான் முதல்வன் அல்லேன். பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதி மலைக்கிராமம் ஒன்றில் செலஸ்தின் பிரெனே என்றோர் ஆசிரியர் இருந்தார். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு மீண்டவர். வகுப்பிலே நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலாது. 1924இல் அவர் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் தாமே எழுதி, தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். 1926இல் அத்தாள்கள் நாட்டின் மறுகோடியிலுள்ள பிரித்தானிப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சென்றன. அங்கிருந்து அப்பிள்ளைகளின் தாள்கள் வந்தன. மலைநாட்டுச் சிறுவனுக்குக் கடற்கரைச் சிறுவன் வாசகனானான்.

எம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உளர். ஒரு கொப்பியில் அழகிய கையெழுத்தில் எழுதி, படம் வரைந்து, கைக்குக் கை மாற்றி வாசித்த கையெழுத்துச் சஞ்சிகைகளை எம் வித்தியாசாலைகளில் பயின்ற முதிய வாசகர் பலர் நினைவுகூர்வர். 1960களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் தம் சிறுகதைகளைத் தாமே தொகுத்துக் ‘கதைப்பூங்கா’ முதலிய நூல்களாக வெளியிட்டார்கள். அம்மாணவர் கூட்டத்தில் ஒருவரான க. குணராசாவே பின்னாளில் செங்கை ஆழியானாகி, வன்னி மண்ணைக் களமாகக் கொண்டு ‘காட்டாறு’ என்னும் நாவலைத் தந்தவர். சக மாணவர் வாசிப்பர் என்ற நம்பிக்கை ஓர் எழுத்தாளனை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அச்சுப்பொறி வாங்க வசதியற்ற எனக்குக் காலம் வேறொரு கருவியைத் தந்தது. அதுதான் வலைப்பதிவு. 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழில் வலைப்பதிவுகள் தோன்றலாயின. அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ‘தமிழ்மணம்’ 2004இல் எழுந்தது. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்தோர் பலர் எழுதத் துணிந்தார்கள். 2014இல் நான் என் வகுப்புக்கென ஒரு வலைப்பதிவைத் திறந்தேன். எல்லோரிடமும் கணினி இல்லை. ஒரு கைத்தொலைபேசியை நால்வர் பகிர்ந்தார்கள். முதலில் தாளில் எழுதி வகுப்பிலே உரக்க வாசித்தல். பின்னர் திருத்திப் பதிதல். பதிந்ததற்கு இரு மாணவர் மறுமொழி எழுதுதல். ‘நன்று’ என்று மட்டும் எழுதலாகாது. ஒரு கேள்வியாவது கேட்டேயாகவேண்டும். அவ்வளவுதான் விதி.

எங்கள் ஊர் மாணவி ஒருத்தி குளத்தைப் பற்றி எழுதினாள். துருசடியில் நிற்கும் முதிரை மரத்தின் நிழலில் தன் அம்மம்மா இளைப்பாறுவதாக அதில் ஒரு வரி. சில நாளில் கனடாவிலிருந்து ஒருவர் மறுமொழி எழுதினார். 1990இல் ஊரைவிட்டுப் போனவர் அவர். ‘அந்த முதிரை இன்னும் நிற்கிறதா, தங்கச்சி?’ என்ற ஒரே வரிதான் எழுதியிருந்தார். மறுநாள் மாலை அவள் குளக்கட்டுக்குப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“சேர், அந்த மரம் இப்ப இல்லை. அடிக்கட்டைதான் கிடக்குது. அம்மம்மா சொன்னதைக் கேட்டு நான் சும்மா எழுதிட்டன்.”

அவள் கட்டுரையைத் திருத்தினாள். நிழல் தந்த மரம் போய், அடிக்கட்டையில் குந்தியிருக்கும் அம்மம்மா வந்தார்; மரம் எப்போது, யாரால் தறிக்கப்பட்டது என்ற விசாரணை வந்தது. முந்தியது அலங்காரம், பிந்தியது உண்மை. என் சிவப்பு மை ஓராண்டு முயன்றும் செய்யாததை முகமறியாத ஒரு வாசகரின் ஒரு வரி செய்துவிட்டது. கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தில் அந்த மாணவியை நான் அடிக்கடி நினைக்கிறேன். இயந்திரமும் மரத்தைப் பற்றி எழுதும். ஆனால் அந்தியில் குளக்கட்டுக்கு நடந்துபோய்ப் பார்த்துவராது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். அதே மாணவி, அடுத்த தவணையில், 2009இல் காணாமற்போன தன் அண்ணனைப் பற்றி எழுதினாள். எந்தப் படிவம் வந்தாலும் குடும்பத்தவர் பெயர்களில் அவனுடைய பெயரையும் எழுதச் சொல்லி அம்மா நிற்பதும், பேனாவைப் பிடித்த இவளுடைய கை தயங்குவதுமே அக்கட்டுரை. வகுப்பிலே அவள் வாசித்தபோது ஒருவரும் பேசவில்லை. இதைப் பதிய வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். அவள் இருமுறை தயங்கினாள். நான் கவனியாது விட்டேன். நல்ல எழுத்து உலகறிய வேண்டும் என்ற உபாத்தியாயனின் ஆசை, ஓரளவு செருக்குங்கூட, என் கண்ணை மறைத்தது.

பதிந்த சில நாட்களில் பெயர் சொல்லாத ஒருவர், அண்ணனின் பெயரென்ன, எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று அடுக்கடுக்காகக் கேட்டு எழுதினார். அனுதாபத்தால் கேட்டாரோ, வேறெதற்காகக் கேட்டாரோ, யாரறிவார்? அடுத்த நாட்காலை பேருந்துத் தரிப்பிடத்தில் அவளுடைய தாய் எனக்காகக் காத்து நின்றார்.

“சேர், பிள்ளை எழுதினது பிழையில்லை. ஆனா அது எங்கட வீட்டுக் கதை. ஊருலகத்துக்குச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரேல்லை.”

கோபமில்லாத அந்தச் சொற்கள் கோபத்தினும் கொடியனவாய் என்னைச் சுட்டன. அன்றே அப்பதிவை நீக்கினோம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பிரதி எடுத்தனர் என்பதை நான் எங்ஙனம் அறிவேன்? கொப்பியில் எழுதியதைக் கிழித்தெறியலாம். வலையில் விட்டதை முற்றாகத் திரும்பப் பெறுதல் யாராலும் ஆகாது. எழுதியவள் அவள்; ஆனால் கதையில் தாய்க்கும் பங்குண்டு. அப்பங்கை ஒரு சொல் கேளாமலே நான் ஊருக்குப் பகிர்ந்துவிட்டேன்.

அதன்பின் என் வகுப்பின் விதிகள் மாறின. முதல் தவணை முழுவதும் பதிவுகள் வகுப்பாருக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளியே விடுவதா என்பதை எழுதியவரே தீர்மானிப்பார். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் புள்ளி குறையாது. பிறரைப் பற்றி எழுதினால், அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். நல்லனவற்றை அச்செடுத்துக் கோவையொன்றிலும் சேர்க்கிறோம்; ஏனெனில் வலைத்தளங்களும் ஒருநாள் மறைவன. இடப்பெயர்வுகளில் எத்தனையோ ஏடுகளை இழந்த நாம், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்வடிவில் சேமித்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளின் அருமையை நன்குணர்வோம்.

அம்மாணவி எழுதுவதை விட்டுவிடவில்லை. ஆண்டிறுதியில் அண்ணனைப் பற்றிய கட்டுரையைத் திருத்தி ஒரே ஒரு பிரதி எடுத்தாள். அதைத் தன் தாய்க்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். ‘அம்மா என்ன சொன்னா?’ என்று கேட்டேன். ‘ரெண்டு இடத்தில பிழை எண்டு சொன்னா, சேர். திருத்திட்டன்’ என்றாள்.

அந்தக் கட்டுரையை நான் வாசிக்கவில்லை, கேட்கவுமில்லை. அதற்குரிய வாசகர் அதற்கு வாய்த்துவிட்டார்.