தாழ்வாரத்துக்கு ஏற்ற கம்பிவலை

தில்லியில் குடியேறும் நம்மவர் தாழ்வாரத்துக்குக் கம்பிவலை அடிக்கும்போது, கண் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நன்று என எண்ணுகிறோம். நாங்களும் அவ்வாறே எண்ணி, மிக நெருங்கிய வலையை அடித்தோம். கொசு நின்றது, காற்றும் நின்றது. ஜூன் மாதப் புழுதி வலைக்கண்களை அடைத்துவிட, குழந்தைகள் புழுக்கம் தாளாது கதவைத் திறந்தே வைத்தனர். டெங்குவைப் பரப்பும் கொசுவோ பகலில் கடிப்பது. அவ்வாண்டு மழைக்காலத்தில் இளைய மகன் பத்து நாள் படுக்கையில் கிடந்தான்.

கொசுவைத் தடுக்க அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள வலை போதும். கடையில் ‘ஜாலி’ என்று கேட்டால் தருவர். அதனினும் நெருக்கமானது, கொசுவிலும் சிறிய மணல் ஈக்கள் காலா அசார் நோயைப் பரப்பும் பீகார் போன்ற பகுதிகளுக்கே வேண்டுவது. மும்பை போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கம்பி விரைவில் துருவேறும். அங்கு எவர்சில்வர் வலையே நன்று. கண்ணாடி இழைவலை மலிவானது, துருவேறாதது. ஆயின் தில்லிக் குரங்குகள் அதை நொடியில் கிழித்துவிடும். இதனைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

கதவு வெளிப்புறமாகத் திறந்து, சுருள்வில்லால் தானே மூடிக்கொள்ளவேண்டும். கதவின் அடியில் உள்ள சந்தை ரப்பர்ப் பட்டையால் அடைத்தல் வேண்டும். கூலர் வலைக்கு உட்புறம் இருப்பின், வாரம் ஒருமுறை நீரை வடித்து, தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுக. முட்டைகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.